ஆராய்ச்சிச்சாலைப் புட்டியும் ஓர் அன்னையின் கேள்வியும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கத்தின் நூல்நிலையத்தில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு அருகே வந்து நின்றார்.

"மாமா, நம் பத்திரிகையில் விஞ்ஞானப் பகுதி எழுதுகிறவர் நீங்கள்தானே? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது" என்றார்.

அவர் கூறிய வரலாறு இது. சிறுவனுக்கு மூன்று வயதிலேயே வயிறு பெருக்கத் தொடங்கியது. ஊரிலிருந்த பாட்டி மாந்தம் என்று எண்ணி மருந்து உரைத்துப் புகட்டினார். பணியின் பொருட்டுக் குடும்பம் இந்நகருக்கு வந்த பிறகு, மலேரியா என்று ஒரு முறையும், இரத்தசோகை என்று பல முறையும் வைத்தியம் நடந்தது. சத்து மருந்துகள் புட்டி புட்டியாகத் தீர்ந்தன. வயிறு குறையவில்லை. மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் கசிந்தது. இரவில் கால் எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை அழுதான். நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், பெரிய மருத்துவமனை ஒன்றில் இரத்தத்தைச் சோதித்து, இது 'கோஷே நோய்' என்று கூறினர். உடலில் ஒரு நொதி குறைவாக இருப்பதால் உண்டாகும் நோய் என்றும், அந்த நொதியையே மருந்தாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாழ்நாள் முழுவதும் ஏற்ற வேண்டும் என்றும், அதற்கு ஆண்டுதோறும் பல இலட்சம் ரூபாய் ஆகும் என்றும் விளக்கினர். அரசாங்க உதவிக்கு மனுச் செய்துவிட்டுக் குடும்பம் காத்திருக்கிறது.

இவ்வளவையும் கூறிவிட்டு அம்மையார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் சுண்டுவிரல் அளவுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியின் படம் இருந்தது. 'மனித குளுக்கோசெரிப்ரோசிடேஸ், மறுசேர்க்கை முறையில் ஆக்கப்பட்டது, 10 மைக்ரோகிராம்' என்னும் பொருள்படும் எழுத்துகள் அதன்மேல் காணப்பட்டன.

"பையனுக்கு இல்லாத நொதியின் பெயரும் இதுதானே, மாமா? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டேன். அந்த மருந்துக்கு இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள். இதற்கு இருபதாயிரம் ரூபாய்ச் சொச்சம்தான். நகையை விற்றாவது இதை வாங்கிவிடுவோம். யாராவது ஒரு டாக்டர் ஊசி போடமாட்டாரா?"

கேள்வி அறிவீனமான கேள்வி அன்று. பெயர் ஒன்று, பொருளும் பெரும்பாலும் ஒன்று, விலையோ வேறு. எந்தத் தாய்க்கும் இந்த ஐயம் எழுவது இயல்பே. அவருக்கு அன்று வாய்மொழியாகக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். பெயரைச் சொல்லாமல் எழுதும்படி அவரே இசைவு தந்தார். "இன்னொரு வீட்டில் இப்படி ஒருத்தி நகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடும்" என்பது அவர் கூறிய காரணம்.

நொதி என்பது யாது?

இட்டிலி மாவை அரைத்து இரவில் வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. மாவை நொதிக்கச் செய்வன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவை தம்முள் வைத்திருக்கும் சில புரதப் பொருள்களே அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றைத்தான் நொதிகள் என்கிறோம். டாக்டர்கள் என்ஸைம் என்பர். நம் உடலிலும் ஆயிரக்கணக்கான நொதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று செய்யும் வேலையை அநேகமாக மற்றொன்று செய்வதில்லை.

நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான பழைய இரத்த அணுக்கள் மடிகின்றன. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் துப்புரவுப் பணி செய்யும் பெரிய அணுக்கள் அவற்றை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. அவ்வாறு விழுங்கிய பொருள்களுள் ஒன்று குளுக்கோசெரிப்ரோசைடு என்னும் கொழுப்பு. அதை இரண்டாக வெட்டுவதே மேற்கூறிய நொதியின் தொழில். அந்நொதி குறைந்தால் கொழுப்பு வெட்டப்படாமல் தங்கிவிடுகிறது. குப்பை வண்டி வராத தெருவைப்போல அணுக்கள் நிரம்பி வீங்குகின்றன. மண்ணீரல் பெருத்து வயிறு முன்தள்ளுகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைகின்றன. எலும்பு நலிகிறது.

பாரிஸ் நகரில் பிலிப் கோஷே என்னும் இளம் மருத்துவர் 1882ஆம் ஆண்டில் 32 வயது மாது ஒருவரிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். மண்ணீரலில் உண்டான கட்டி என்றே அவர் கருதினார். உண்மைக் காரணம் விளங்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அமெரிக்க நாட்டின் தேசியச் சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய ராஸ்கோ பிரேடியும் அவருடைய குழுவினரும், இது ஒரு நொதியின் குறைவால் வருவது என்று 1960களின் நடுப்பகுதியில் நிலைநாட்டினர். 'இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?' என்று பிரேடி அப்பொழுதே கேட்டார்.

நஞ்சிலிருந்து கிடைத்த மருந்து

கேட்பது எளிது. நொதி எங்கே கிடைக்கும்? மனித நொதி மனித உடலில்தான் கிடைக்கும். அதற்காக யாருடைய ஈரலை அறுப்பது? விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த பொருளைக் கேட்டால் நம் பாட்டிமார் வியப்படைவர். பிள்ளை பிறந்த பின் வெளிவருகிறதே, நாம் மண்ணில் புதைத்துவிடும் நஞ்சு, அதுதான் அவர்களுக்கு உதவியது. அதிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்து, இரண்டு நோயாளர்களுக்குச் செலுத்திப் பார்த்த முடிவை 1974ஆம் ஆண்டில் பிரேடி குழுவினர் வெளியிட்டனர். தேங்கிய கொழுப்புச் சற்றே குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்தடுத்த முயற்சிகளில் பலன் நிலையாக இல்லை. ஏன்?

காரணம் மிக நுட்பமானது. இந்த நொதி வெறும் புரதம் அன்று. அதன் உடலில் சில இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறதோ, அதுவே நொதிக்கு விலாசம். கடிதத்தில் எழுதியிருப்பது எத்துணை அரிய செய்தியாயினும், விலாசம் தவறினால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும் அல்லவா? நஞ்சிலிருந்து எடுத்த நொதியில் பெரும்பகுதி, அது தேவைப்படும் துப்புரவு அணுக்களுக்குப் போகாமல், கல்லீரலின் மற்ற அணுக்களுக்குப் போயிற்று. துப்புரவு அணுக்கள் 'மன்னோஸ்' என்னும் சர்க்கரையைக் கண்டால் கைநீட்டி வாங்கிக்கொள்பவை என்று பின்னர் தெரிந்தது. எனவே, நொதியின் சங்கிலி நுனிகளை நறுக்கி, உள்ளேயிருக்கும் மன்னோஸ் வெளியே தெரியுமாறு செய்தனர். அந்த நொதியை 12 நோயாளர்களுக்குக் கொடுத்துக் கண்ட வெற்றி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. மண்ணீரல் சுருங்கியது, இரத்தம் தேறியது. அதே ஆண்டில் செரிடேஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

1974க்கும் 1991க்கும் இடையே பதினேழு ஆண்டுகள். நொதி கையில் இருந்தும் மருந்து கையில் இல்லாத பதினேழு ஆண்டுகள் அவை. அம்மையாருக்கு நான் முதலில் கூறியது இதையே.

மற்றோர் இடர்ப்பாடும் இருந்தது. ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு வேண்டிய மருந்தைச் செய்வதற்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நஞ்சுகள் தேவைப்பட்டன. உலகிலுள்ள நோயாளர் அனைவருக்கும் அவ்வாறு எத்தனை காலம் சேகரித்துக்கொண்டிருப்பது? மேலும், மனித உடலிலிருந்து எடுக்கும் பொருளோடு நோய்க்கிருமிகளும் கூட வந்துவிடக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்த்தது மறுசேர்க்கை முறை.

பக்குவம் நம்முடையது, கைமணம் பிறருடையது

மறுசேர்க்கை என்றால் என்ன? புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதனை எளிதில் விளக்கலாம். நம் வீட்டு வற்றற்குழம்பின் பக்குவத்தைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி, இவ்வூர்ச் சமையற்காரர் ஒருவரிடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதியபடியே செய்வார். புளி, மிளகாய், பெருங்காயம் எல்லாம் அளவாக இருக்கும். ஆயினும் தாளிப்பில் அவருடைய கைப்பழக்கம் புகுந்துவிடும். அரைக்கரண்டிச் சர்க்கரை கூடவே விழுந்திருக்கும்!

ஒவ்வொரு புரதத்தையும் ஆக்கும் பக்குவம் நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நொதிக்கான பக்குவம் முதலாவது குரோமோசோமில் உள்ளது. அந்தப் பகுதியைப் படியெடுத்து, வேறோர் உயிரின் அணுவுக்குள் சேர்த்துவிட்டால், அந்த அணு தன் தொழிலோடு தொழிலாக மனித நொதியையும் ஆக்கித் தள்ளுகிறது. சீன ஹாம்ஸ்டர் என்னும் எலிவகையின் சூற்பையிலிருந்து பெற்று, பெருந்தொட்டிகளில் வளர்க்கப்படும் அணுக்கள் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அவ்வாறு செய்த செரிசைம் என்னும் மருந்து 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனித அணுக்களிலேயே செய்யப்பட்ட மருந்து 2010இலும், காரட் கிழங்கின் அணுக்களில் செய்யப்பட்டது 2012இலும் வந்தன. புரதத்தின் பக்குவம் நம்முடையது. அதன்மேல் படியும் சர்க்கரைத் தாளிப்பு, ஆக்குகின்ற அணுவுக்கு உரியது. காரட் அணுக்களில் செய்யும்போது மன்னோஸ் நுனி தானாகவே அமைந்துவிடுகிறது. ஹாம்ஸ்டர் அணுக்களில் செய்தால் பின்னர் நறுக்கி அமைக்க வேண்டும்.

அம்மையார் காட்டிய சிறு புட்டியில் இருப்பதும் இந்த மறுசேர்க்கை முறையில் செய்த மனித நொதியே. பின் ஏன் அதனை ஊசியில் ஏற்றக்கூடாது?

புட்டியின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிறுவனின் எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முழு அளவு கிலோவுக்கு 60 அலகு. ஆகவே ஒரு முறைக்கு 1,200 அலகு. நோயின் கடுமைக்கேற்ப டாக்டர்கள் இதைக் குறைப்பதும் உண்டு. 400 அலகுள்ள மருந்துக் குப்பியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் நொதி இருக்கிறது. ஆகவே ஒரு முறைக்கு மூன்று குப்பி, அதாவது ஏறத்தாழ 30 மில்லிகிராம்.

படத்தில் கண்ட புட்டியிலோ 10 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். எனவே 30 மில்லிகிராமுக்கு அத்தகைய புட்டிகள் 3,000 வேண்டும். புட்டி ஒன்று இருபதாயிரம் ரூபாய் என்றால், ஒரு முறை ஏற்றுவதற்கு ஆறு கோடி ரூபாய்! இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஆறு கோடி!

இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மலிவு என்று எண்ணினேனே, மாமா. இது தங்கத்தைவிட விலை போலிருக்கிறதே" என்றார். உண்மைதான். எடைக்கு எடை பார்த்தால் தங்கம் இதன் அருகில் நிற்காது.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பணம் உள்ளவர் ஒருவர் மூவாயிரம் புட்டியும் வாங்கிவிடுகிறார் என்றே கொள்வோம். அப்பொழுதும் அது மருந்து ஆகாது. புட்டியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்கும் விலங்குக்கும் செலுத்துவதற்கு அன்று' என்ற எச்சரிக்கை வழக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். சட்டத்துக்கு அஞ்சி எழுதிய சடங்கு வாசகம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. அதன் பின்னே காரணங்கள் உண்டு.

ஒன்று, தூய்மை. ஆராய்ச்சிச்சாலையில் வேண்டிய தூய்மை வேறு. இரத்தக் குழாயில் ஏற்றுவதற்கு வேண்டிய தூய்மை வேறு. பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து உதிரும் ஒருவகை நச்சுத்துகள் இம்மியளவு கலந்திருந்தாலும், குளிர்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாகலாம். மருந்துக் குப்பிகளில் ஒவ்வொரு தொகுதியையும் இதற்கெனச் சோதித்த பின்னரே வெளியே விடுகின்றனர். ஆராய்ச்சிப் புட்டியை மனித உடலில் ஏற்றுவதற்கு உகந்ததென்று எவரும் சோதித்துச் சான்று தருவதில்லை.

இரண்டு, வால். ஆராய்ச்சிக்கான நொதியைக் கலவையிலிருந்து எளிதில் பிரித்தெடுப்பதற்காக, அதன் நுனியில் 'ஹிஸ்டிடின்' என்னும் பொருளின் ஆறு முதல் பத்து மணிகளை ஒட்டவைத்துவிடுவது வழக்கம். நிக்கல் உலோகம் பதித்த குழாயில் ஊற்றினால் அந்த வால் பற்றிக்கொள்ளும். மற்றவை வழிந்து போய்விடும். கூட்டத்தில் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சட்டையில் சிவப்பு நாடா கட்டுவது போன்ற உபாயம் இது. ஆய்வுக்கு இதனால் கேடில்லை. மனித உடலோ இந்த வாலை அயலான் என்று கண்டு எதிர்த்து எழக்கூடும்.

மூன்று, விலாசம். மன்னோஸ் நுனி அமையாத நொதி, செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லாது என்று மேலே கண்டோம். ஆராய்ச்சிப் புட்டியில் அதனை அமைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் வேலை செய்ய விலாசம் எதற்கு?

மருந்துச் சாலைகளின் காவல் எத்துணைக் கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2009ஆம் ஆண்டில், செரிசைம் தயாரிக்கும் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் தொட்டியில் ஒரு வைரஸ் புகுந்துவிட்டது. மனிதருக்குத் தீங்கு செய்யும் என்று அறியப்படாத வைரஸ்தான் அது. ஹாம்ஸ்டர் அணுக்களின் வளர்ச்சியை மட்டும் அது குன்றச் செய்தது. ஆயினும் தொழிற்சாலையை நிறுத்தி முழுதும் துப்புரவு செய்தனர். உலகெங்கும் மருந்துக்குப் பஞ்சம் ஏற்பட்டது; நோயாளர் பலர் அளவைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. அவ்வளவு காவல் இருந்த இடத்திலேயே அப்படியென்றால், காவலே இல்லாத புட்டியை நம்பிப் பிள்ளையின் நரம்பில் எப்படி ஏற்றுவது?

அப்படியானால் அப்புட்டி எதற்கு?

அம்மையார் விடவில்லை. "ஒருவருக்கும் உதவாத பொருளை எதற்கு இத்தனை விலை வைத்து விற்கிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உதவுகிறது, ஆனால் வேறு வழியில் உதவுகிறது.

அவருடைய மகனின் நோயைக் கண்டுபிடித்த முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நொதி வெட்டினால் நீலமாக ஒளிரும் ஒரு செயற்கைப் பொருள் உண்டு. இரத்தத்தின் வெள்ளணுக்களோடு அதனைக் கலந்து வைக்கின்றனர். நொதி இருந்தால் புற ஊதாக் கதிரின் கீழ் நீல ஒளி தோன்றும். குறைந்தால் ஒளி மங்கும். நான்காண்டு பிடிபடாத நோய் இந்த மங்கலில் பிடிபட்டது. இத்தகைய சோதனை முறைகளைப் புதிதாக அமைக்கும்போதும், அளவுகள் சரிதானா என்று ஒத்துப்பார்க்கும்போதும், இவ்வளவு நொதி இருந்தால் இவ்வளவு ஒளி என்று காட்டும் படிக்கல் வேண்டும். தூய நொதி உள்ள சிறு புட்டி அந்தப் படிக்கல்லாக உதவுகிறது. அதற்கு மைக்ரோகிராம் போதும்.

புதிய மருந்து தேடுவோருக்கும் இத்தகைய தூய நொதியே தொடக்கம். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஏற்கெனவே மருந்தாகப் பழகிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக இந்த நொதியோடு சேர்த்து, எது இதனை வெப்பத்தில் குலையாமல் தாங்குகிறது என்று தேடினர். 2009இல் வெளியான அந்த ஆய்வில் அகப்பட்ட பொருள் எது தெரியுமா? சளியை இளக்க நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்துகளில் உள்ள 'அம்ப்ராக்ஸால்'! அது நொதிக்கு ஓர் ஊன்றுகோல்போல் துணை நிற்கக்கூடும் என்று தெரிந்தது. நொதி மருந்து மூளைக்குள் நுழைவதில்லை. இச்சிறு பொருள் நுழையக்கூடியது. ஆதலால் மூளையைத் தாக்கும் வகையினருக்கும் இது பயன்படுமா என்று ஆராய்ந்து வருகின்றனர். இந்நோயின் மரபணுப் பிழையைத் தாங்கியோரிடையே பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் மிகுதி என்று, 5,000க்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வொன்றும் 2009இல் காட்டியது. அந்த நோய்க்கும் அம்ப்ராக்ஸாலைச் சோதித்து வருகின்றனர். பிழையைத் தாங்கியோரில் மிகப் பெரும்பாலோருக்கு நடுக்குவாதம் வருவதே இல்லை. ஆகவே அஞ்ச வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓடி இருமல் மருந்தை வாங்கிப் புகட்டவும் வேண்டாம். ஆய்வில் கொடுக்கும் அளவு வேறு; முடிவும் இன்னும் தெளிவாகவில்லை.

மருந்துக் குப்பி இன்றைய நோயாளிக்கு உரியது. ஆராய்ச்சிப் புட்டி நாளைய நோயாளிக்கு உரியது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இருவருக்கும் கேடு.

நாம் செய்யத்தக்கவை

இந்நோய் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழைபட்ட மரபணு வந்து சேர்ந்தால்தான் உண்டாகும். இருவரும் அப்பிழையைத் தாங்கியவராயின், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாங்கியவர் பார்வைக்கு நலமாகவே இருப்பர். நெருங்கிய உறவில் மணம் புரிந்தால் இருவரும் ஒரே பிழையைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு மிகுகிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டு மணங்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுமுறை மணங்களே. இந்த அம்மையாரும் தம் மாமன் மகனையே மணந்தவர். "நான் செய்த பாவமா?" என்று அவர் கேட்டார். பாவமும் இல்லை, குற்றமும் இல்லை. உறவில் மணந்த பெரும்பாலோருக்கு நலமான மக்களே பிறக்கின்றனர். ஆனால் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இத்தகைய நோய் தெரிந்தால், அடுத்த கருவுக்கு முன்னரே மரபியல் மருத்துவரை நாடுதல் வேண்டும். கருவுற்ற மூன்றாம் மாத அளவிலேயே சோதித்து அறியவும் வழி இருக்கிறது.

குழந்தையின் வயிறு மாதக்கணக்கில் பெருத்தே இருந்தால், தட்டணுக்கள் குறைந்திருந்தால், காரணமின்றி எலும்பு வலித்தால், சத்து மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். "நொதிச் சோதனை வேண்டுமா, டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

உதவிக்கு வழியும் இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன்கீழ் நாட்டின் பல நகரங்களில் சிறப்பு மையங்கள் குறிக்கப்பட்டுள்ளன. டில்லியில் எய்ம்ஸ், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி, மும்பையில் கே.இ.எம். மருத்துவமனை, கல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, சென்னையில் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை முதலியன அவற்றுள் சில. அம்மையங்களின் வாயிலாக நோயாளி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க 2022இல் வகை செய்யப்பட்டது. வாழ்நாள் முழுவதும் வேண்டிய மருந்துக்கு இத்தொகை சில ஆண்டுகளுக்கே போதும் என்பது பெற்றோரின் குறை. இதுபற்றி நீதிமன்றங்களில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. குறை நியாயமானதே. ஆயினும் முதற்படியில் கால் வைக்காமல் இரண்டாம் படியைப் பற்றி வாதாட இயலாது. நொதிச் சோதனை முடிவு, மரபணுச் சோதனை முடிவு, குழந்தையின் எடை, மண்ணீரலின் அளவு ஆகியவற்றுக்கான தாள்களை ஒரே கட்டாக வைத்துக்கொண்டு மையத்தை அணுகுங்கள். மொழி தடையாக இருந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். உடன்வர அன்பர்கள் இருக்கிறார்கள்.

நான் பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. சிறுவன் அதற்குள் அலமாரியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் பாதி படித்துவிட்டிருந்தான். "வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, தாத்தா?" என்றான். இரவல் ஏட்டில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். அம்மையார் எழுந்து, "நகை பெட்டியிலேயே இருக்கட்டும், மாமா. மையத்துக்குப் போய்வரும் செலவுக்கு ஆகும்" என்று கூறிப் புறப்பட்டார்.

சென்ற வாரம் நம் அன்பர் ஒருவர் அவர்களோடு மையத்துக்குச் சென்று வந்தார். விடுபட்டிருந்த மரபணுச் சோதனைத் தாளைச் சேர்த்துக் கொடுத்தாயிற்று. மனுவின் முடிவு இவ்விதழ் அச்சுக்குப் போகும்வரை வரவில்லை. வந்ததும் இப்பகுதியில் எழுதுகிறேன்.